காத்திருத்தல், முதலாம் நிலை

எழுபத்தாறாம் ஆண்டில் எங்கள் மாலைக் கல்லூரி கண்ட வளர்ச்சியைப் பற்றி ஆண்டறிக்கையில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அத்தனை பக்கத்திலும் என் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. கரும்பலகைக்கும் மேசைவிசிறிக்கும் நடுவில், ‘கற்பித்தல் சாதனங்கள்’ என்ற தலைப்பின் கீழே. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் விசர் வரும்.

நான் சிவனேஸ்வரி. யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு, என் அண்ணை அரியரத்தினத்திடம் வந்து சேர்ந்தவள். அண்ணை நகரசபையில் இஞ்சினியர், கலியாணம் கட்டாதவர். காலையில் அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டால், கிரான்வில் வீட்டுக் குசினி யன்னலால் பக்கத்து வீட்டுக்காரியின் உடுப்புகள் காய்வதைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம். அவளுடைய மேசைவிரிப்புகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படி இருக்கும்போதுதான் பரமட்டாவில் ஒரு வழக்கறிஞர் தன் கந்தோருக்குத் தட்டச்சு செய்ய ஆள் தேடினார். ஆண்டு முடிவில் சான்றிதழோடு வந்தால் இடம் தருகிறேன் என்றார். எனக்கு அந்த வேலை வேண்டும். கறி காய்ச்சிக்கொண்டு கிடக்கவா நான் இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தேன்?

தட்டச்சு வகுப்பு ஹரிஸ் பார்க்கில், ஒரு பழைய பாடசாலைக் கட்டடத்தில், செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் நடந்தது. எங்கள் வீட்டிலிருந்து ரெயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன்.

“தனிய எப்பிடிப் போவாய்?” என்றார் அண்ணை.

“ரெயிலிலை ஏறுவன். அடுத்த ஸ்டேஷனிலை இறங்குவன்.”

“விசர்க் கதை கதையாதை. நான் துணைக்கு வாறன்.”

வந்தார். நான் வகுப்புக்குள் போக, அவர் வெளியே விறாந்தையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அடுத்த கிழமை, அண்ணை தனிய இருக்கிறாரே என்று அவருடைய சிநேகிதர் நித்தியானந்தன் துணைக்கு வந்தார். வீட்டில் தனிய இருக்கப் பயம் என்று நித்தியானந்தனின் மனைவி யோகா வந்தாள். ஆம்பிளைகளுக்கு நடுவில் யோகா ஒருத்தியாக இருப்பதா என்று கோயம்புத்தூர்க்கார வேதவல்லி வந்தாள். அவளைக் கொண்டுவந்து விட வந்த புருஷன் பழனிசாமி, “சும்மா உட்டுட்டுப் போலாம்னுதானுங்க வந்தேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்துவிட்டார். அந்தக் காலத்தில் சிட்னியில் இருந்த தமிழரை எல்லாம் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் இருத்திவிடலாம். பங்குனி முடிவதற்குள் அதில் பாதிப்பேர் எங்கள் கல்லூரி விறாந்தையில் இருந்தார்கள். பிளாஸ்கில் தேத்தண்ணி, டப்பாவில் முறுக்கு. உள்ளே படித்துக்கொண்டிருந்த தமிழ் ஆள் நான் ஒருத்திதான்.

அதிபர் மிஸ்டர் டன்லப் நல்ல மனிதர், ஆனால் பயந்தவர். மாணவர் தொகை கூடாவிட்டால் கல்லூரியை மூடிவிடுவோம் என்று மேலிடம் அவரை வெருட்டியிருந்தது. பதிவு செய்யாத ஆட்கள் கட்டடத்தில் இருந்தால் காப்புறுதி இல்லை என்ற சட்டமும் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அவர் விறாந்தைக்கு வந்து எல்லாரையும் மேலும் கீழுமாகப் பார்த்தார். எழும்பிப் போகச் சொல்லப்போகிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அவர், இவர்கள் இங்கே என்ன செய்கிறார்கள் என்று அண்ணையிடம் கேட்டார்.

“காத்திருக்கிறோம்” என்று அண்ணை எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னார், ஏதோ பெரிய ஆராய்ச்சி செய்கிறவர் போல.

“ஒழுங்காகவா?”

“ஒவ்வொரு கிழமையும்.”

அடுத்த கிழமை சுவரில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. புதிய பாடநெறி: காத்திருத்தல், முதலாம் நிலை. விரிவுரையாளர் திரு. அரியரத்தினம்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணை சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பாடத்திட்டம் எழுதத் தொடங்கிவிட்டார். காலை ஆட்டாமல் இருப்பது எப்படி, பக்கத்தில் இருப்பவரிடம் ‘இப்ப வந்திடுவா’ என்று எந்த நேரத்தில் சொல்வது, கதவு திறக்கும்போது எல்லாரும் ஒருமிக்க எழும்புவது எப்படி என்று போனது அந்தத் திட்டம். வரவு எடுத்தார். அடுத்த வகுப்புக்குச் செய்துவர வீட்டுவேலை கொடுத்தார். அந்த வீட்டுவேலைக்காகப் பழனிசாமி, பல்லில் ஒரு குறையும் இல்லாமல், பல் வைத்தியரின் வாசலில் அரை நாள் இருந்தார்.

“உள்ள கூப்பிட்டுட்டாங்க. மறுத்துப் பேச முடியல. ஒரு பல்லப் புடுங்கிட்டாரு” என்று அடுத்த கிழமை வீங்கின கன்னத்தோடு வந்து நின்றார். அண்ணை அவருக்கு மேலதிகப் புள்ளி கொடுத்தார்.

பிறகு சொல்லவும் வேண்டுமா? முதலாம் நிலைக்காரரைக் கூட்டிக்கொண்டு போக வந்த சொந்தக்காரர் வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு இரண்டாம் நிலை தொடங்கியது. ஹரிஸ் பார்க்கில் இருந்த லெபனான்காரத் தாய்மார் குழந்தைகளோடு வந்து சேர்ந்தார்கள். பஸ் தரிப்பில் காலமெல்லாம் நின்று பழகிய ஒரு மோல்ட்டாக்காரரை நேரே இரண்டாம் நிலையில் எடுத்தார்கள். அதிபர் நடந்து போகும்போது சீட்டி அடிக்கத் தொடங்கியிருந்தார்.

ஆனியில் சிட்னிக் குளிர் வந்ததும் விறாந்தையில் இருக்க முடியவில்லை. தட்டச்சு வகுப்பில் நாங்கள் ஐந்து பேர். காத்திருத்தலில் அறுபது பேருக்கு மேல். ஆகவே எங்கள் அறை அவர்களுக்குப் போனது. மெஷின்களை ஒரு மூலையில் தள்ளித் துணியால் மூடிவிட்டு, எங்களை நிலம் கூட்டுகிற தும்புத்தடி வைக்கிற அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு மெஷினுக்குத்தான் இடம். ஆளுக்கு ஒரு வரி என்று மாறி மாறி அடித்தோம். ஐப்பசியில் அதையும் நிறுத்தினார்கள். தட்டச்சுக்கு இந்த ஆண்டு பரீட்சையே கிடையாது என்றார்கள்.

அதிபரின் அறைக்குப் போய்க் கத்தினேன். “எனக்குத் துணைக்கு வந்தவர்கள் என்னுடைய வகுப்பைத் தின்றுவிட்டார்கள்! நான் இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்!”

அவர் பதறிப்போனார். “நீங்கள் வராவிட்டால் அவர்கள் யாருக்காகக் காத்திருப்பார்கள்?” என்றார். அன்றே என்னைக் கல்லூரியின் சாதனமாக நியமித்தார். ஏழு மணிக்கு அந்தத் தும்புத்தடி அறைக்குள் போகவேண்டும், ஒன்பதுக்கு வெளியே வரவேண்டும். அவ்வளவுதான் வேலை.

வீட்டில் அண்ணையைப் பிடித்துக்கொண்டேன்.

“உங்கடை கண்டறியாத பாடத்தாலை என்ரை சோதினை போட்டுது. அந்த லோயரிட்டை நான் என்னத்தைக் கொண்டு போறது?”

“ஏன் பிள்ளை கோவிக்கிறாய்? எல்லாரும் உனக்காகத்தானே இருக்கிறம்.”

“எனக்காக எண்டால் எழும்பிப் போங்கோ!”

அவருடைய முகம் சுருங்கிப்போனது. சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கு முன்னமே டை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். அந்த மனிதரை என்ன செய்வது?

கார்த்திகையில் காத்திருத்தலுக்குச் செய்முறைப் பரீட்சை. மேலிடத்திலிருந்து ஒரு பரிசோதகர் வந்தார். சாதனம், அதாவது நான், பழைய தட்டச்சு அறைக்குள் போகவேண்டும். நான் வெளியே வரும் வரைக்கும் எல்லாரும் விறாந்தையில் காத்திருக்கவேண்டும். கூப்பிட்டால், கதவைத் தட்டினால், பெருமூச்சு விட்டால் பெயில். விரிவுரையாளரும் பரீட்சை எழுதித்தான் ஆகவேண்டும் என்று அண்ணையையும் முன்வரிசையில் இருத்தினார்கள்.

உள்ளே போனேன். மூலையில் மெஷின்கள் துணி மூடியபடி கிடந்தன. ஒரு வருடம் வீணாய்ப் போனதே என்று இருந்து அழுதேன். மூக்கைத் துடைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வெளியே போகாமல் அந்தப் பரீட்சை முடியாது. என்னைக் கூப்பிடவும் ஒருவராலும் முடியாது. எழுந்து போய்க் கதவின் தாழ்ப்பாளைப் போட்டேன்.

“மிஸ்டர் டன்லப்! தட்டச்சுப் பரீட்சை வைக்காமல் நான் வெளியே வரமாட்டேன்!” என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னேன்.

வெளியே ஒரு சத்தமும் இல்லை. அறுபது பேரும் ஆடாமல் அசையாமல் இருந்தார்களாம். ஒன்பது மணி தாண்டியது. பழனிசாமிக்கு இருமலை அடக்கி அடக்கிக் கண்ணால் தண்ணீர் ஓடியதாம். இப்படித் தேறிய மாணவரைத் தன் உத்தியோக காலத்தில் கண்டதில்லை என்று பரிசோதகர் மெச்சினாராம். அதிபர் மட்டும் சாவித் துவாரத்தால் என்னிடம் கெஞ்சினார். சட்டத்தில் இடமில்லை என்றார். அப்படியென்றால் காத்திருங்கள் என்றேன். பசி எடுத்தது. பிடிவாதமாக இருந்தேன்.

அப்போது கதவு தட்டப்பட்டது.

“பிள்ளை, நீ பின்னேரம் ஒண்டும் சாப்பிடாமல் வந்தனி. பசிக்கேல்லையே?”

அண்ணை! பரிசோதகர் தன் பேனையை எடுத்து எழுதுகிற சத்தம் எனக்குக் கதவுக்குள்ளால் கேட்டது போல இருந்தது. அவருடைய பாடத்தில், அவருடைய மாணவருக்கு முன்னால், அவரே பெயில்.

“போய் இருங்கோ அண்ணை” என்றேன்.

அவர் போய் இருக்கவில்லை. அதிபரைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்து, கத்தினார். “அவளுக்குச் சோதினையை வையுங்கள்! வைக்காவிட்டால் நாங்கள் எல்லாரும் இப்போதே வீட்டுக்குப் போகிறோம்!”

அவர் படிப்பித்தபடியே அறுபது பேரும் ஒருமிக்க எழும்பி நின்றார்கள். லெபனான்காரக் குழந்தைகளும் எழும்பின. தன் கல்லூரி கண்முன்னே எழுந்து வீட்டுக்குப் போகப் பார்ப்பதைக் கண்டதும் அதிபருக்குச் சட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது.

தட்டச்சு ரீச்சர் மிஸ் ஹார்ப்பருக்கு ஆள் அனுப்பினார்கள். நான் ஒருவரையும் நம்பிக் கதவைத் திறக்கவில்லை. பாவம் மனிசி, வீட்டுச் செருப்போடு வந்து, பரீட்சைத் தாளை வாயில் கவ்விக்கொண்டு யன்னலால் ஏறி உள்ளே குதித்தாள். மெஷினின் துணியை இழுத்துப் போட்டுவிட்டு அடித்தேன். ஒரு வருடக் கோபம் முழுவதையும் அந்த எழுத்துகளில் இறக்கினேன். வெளியே விறாந்தையில் அவர்கள் மறுபடி இருந்து, மூச்சு விடாமல் எனக்காகக் காத்திருந்தார்கள். கதவைத் திறந்தபோது எல்லாரும் எழும்பினார்கள். யோகா முறுக்கு டப்பாவை நீட்டினாள்.

நான் பாஸ். அறுபது பேரும் பாஸ். மாணவர் தொகையில் எங்களை வெல்ல அந்தப் பக்கத்தில் வேறு கல்லூரி இல்லை என்று மேலிடம் அதிபரைப் பாராட்டியது. அந்த ஆண்டு முழுக் கல்லூரியிலும் பெயிலானவர் ஒருவர்தான். அவருக்குப் பதிலாக வேறு விரிவுரையாளரைப் போட்டார்கள், மோல்ட்டாக்காரரை.

தை மாதம் வழக்கறிஞரின் கந்தோரில் என் முதல் நாள். அண்ணை பரமட்டா வரைக்கும் கூட வந்தார். கந்தோர் வாசலில் நான் நின்றேன். அவரும் நின்றார்.

“எத்தினை மணிக்கு முடியும்?” என்றார்.

“அஞ்சுக்கு.”

“சரி. நான் இதிலை நிக்கிறன்.”

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “உங்களுக்கு வேலை இல்லையோ? நான் என்ன சின்னப் பிள்ளையோ? இனித் தனியப் போய் வருவன், வீட்டை போங்கோ!”

அவர் றோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நான் இந்த நாட்டிலை முதல் நாள் வேலைக்குப் போகேக்கை, எங்கை போறாய் எண்டு கேக்க ஆள் இல்லை. பின்னேரம் திரும்பி வரேக்கை, ஏன் பிந்தினனி எண்டு கேக்கவும் ஆள் இல்லை. நீ வருமட்டும் அப்பிடித்தான் பிள்ளை. நான் ஒரு நாள் வீட்டை வராமல் விட்டிருந்தாலும் ஆருக்கும் தெரிஞ்சிராது.”

ஒரு வருடமாகத் திட்டியதுபோல அன்றைக்கு அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

“இப்ப உங்கடை வேலைக்குப் போங்கோ அண்ணை” என்றேன். “அஞ்சு மணிக்கு வாங்கோ. பிந்தினாலும் பரவாயில்லை. நீங்கள் வருமட்டும் நான் இதிலைதான் நிப்பன்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். தெரு மூலையில் திரும்பும் மட்டும் நான் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போனேன்.