செலியமேட்டு மெஷினின் பெயர்

வில்லியனூரில் உள்ள ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அரிகரனின் வேலை. சுற்றுப்புற ஊர்களில் அவர்களுக்குப் பதினோரு மையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கம்ப்யூட்டர், அதற்கென்று ஒரு பெயர். எந்த ஊரில் ரத்தம் எடுத்தார்களோ, அந்த ஊர்ப் பெயருள்ள கம்ப்யூட்டருக்கு ரிசல்ட் போய் அங்கேயே பிரிண்ட் ஆகும்.

ஐப்பசியில் பதினொன்றுக்கும் புதிய ஆபரேட்டிங் சிஸ்டம் போட வேண்டியிருந்தது. பென்டிரைவைச் செருகினால் எல்லாம் தானாக ஏறும்படி அரிகரன் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். டிஸ்க்கை அழிக்குமுன் பழைய பெயரை எடுத்து வைத்து, கடைசியில் அதையே மறுபடி சூட்டும் பகுதியும் அதில் இருந்தது. சோதித்தபோது அந்த இடத்தில்தான் இரண்டு தடவை நின்றுபோனது. சரிசெய்ய இன்னொரு நாள் பிடிக்கும். 'பதினோரு பேர்தானே, கையாலயே போட்டுக்கலாம்' என்று அந்தப் பகுதியைத் தூக்கிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷின்களும் வேனில் வந்து இறங்கின. ஒரே நிறம், ஒரே அளவு. வேலை முடிந்ததும் பதினொன்றுக்கும் ஒரே பெயர்தான் இருந்தது. எது எந்த ஊருடையது என்று நினைவிலிருந்து பெயர் போட்டான். அதில் செலியமேடு, மடுகரை என்ற இரண்டு ஊர்ப் பெயர்களும் மாறிப்போயின. வேன்காரர் இறக்கிய வரிசைப்படியே மெஷின்களைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தார்.

திங்கட்கிழமை மாலை செலியமேட்டு மையத்திலிருந்து திரௌபதி போன் செய்தாள். பத்து வருஷமாக அங்கே வேலை பார்ப்பவள்.

"தம்பி, காலையில எடுத்த ரிசல்ட் ஒண்ணும் வரல. சம்மந்தம்னு ஒருத்தர், நாலு நாளா காய்ச்சல். அவுரு வூட்டம்மா வந்து குந்திகினு இருக்காங்க."

"புதுசா போட்டதுதானேக்கா, ஸ்லோவாதான் இருக்கும். காலையில பாருங்க."

அவன் எதையும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

சம்மந்தத்தின் பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது, உயிருக்கே ஆபத்து என்று சொல்லும் தாள் அந்த நேரம் மடுகரையில் கிடந்தது. அங்கே அன்று ரத்தம் கொடுக்க ஒருவரும் வரவில்லை. தெரியாத பெயர்களைப் பார்த்த அந்த மையத்து ஊழியன் நவீன்குமார், தவறி வந்தவை என்று ட்ரேயில் போட்டுவிட்டான். மறுநாள் விடிகாலை சம்மந்தத்துக்கு மூக்கில் ரத்தம் கொட்டியது. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் ஐசியூவில் கிடந்து பிழைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை, சம்மந்தத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்த செய்தி வந்ததும் அரிகரன் மெஷின்களின் பெயர்களைப் பார்த்தான். தன் இடத்திலிருந்தே இரண்டையும் மாற்றிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தான். மதியம் மேனேஜர் திரௌபதியைக் கூப்பிட்டுக் கேட்டார், ரிசல்ட் வரவில்லை என்று ஏன் சொல்லவில்லை என்று.

"சொன்னேனே சார். தம்பிகிட்டதான் போன் பண்ணேன்."

மேனேஜர் அரிகரன் பக்கம் திரும்பினார்.

"ஞாபகமில்ல சார்," என்றான் அரிகரன்.

திரௌபதி அவனைப் பார்த்தாள். அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போனான். ஒன்பதாம் நாள் மேனேஜர் முன்னால் போய் நின்று, ஸ்கிரிப்ட்டில் எடுத்த பகுதி முதல் போனில் சொன்ன பதில் வரை எல்லாவற்றையும் சொன்னான். "உன்ன இன்னா பண்றதுன்னு அப்புறம் சொல்றேன். மொதல்ல திரௌபதியம்மாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடு," என்றார் மேனேஜர்.

அவன் போன் செய்யாமல் செலியமேட்டுக்கே போனான். திரௌபதி தன் வீட்டு வாசலில் நின்றபடியே, அவன் மேனேஜரிடம் ஒப்புக்கொண்டதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"ஆபீஸ்ல சொன்னது சரி தம்பி. இங்க? ஒரு ஆள சாகடிக்கப் பாத்தவளாம் நானு, ஊரே சொல்லுது. குழாயடியில ஒருத்தியும் மூஞ்சி குடுத்துப் பேசல. வா, சம்மந்தம் வூட்டுல வந்து சொல்லு."

அவள் முன்னால் நடந்தாள். கரும்பு லாரிக்கு ஒதுங்கி நின்ற இரண்டு பெண்கள் அவர்களையே பார்த்தார்கள்.

சம்மந்தத்தின் மனைவி அமுதம் வாசலில் நெல் உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளே கட்டிலில் அவர் படுத்திருப்பது தெரிந்தது. அரிகரன் சொல்லத் தொடங்கினான். மெஷின், பெயர், ஸ்கிரிப்ட் என்று வாய் குழறியது. நிறுத்தினான்.

"அக்கா அன்னிக்கே எனக்குப் போன் பண்ணாங்கம்மா. நான் பாக்கல. அப்புறம் ஞாபகமில்லன்னு பொய் சொன்னேன். தப்பு என்னோடது."

அமுதம் கையிலிருந்த நெல்லை உதறினாள். அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. திரௌபதியின் கையைப் பிடித்தாள்.

"உன்ன என்னென்னமோ பேசிட்டேனே. உள்ள வாடி," என்றாள்.

இருவரும் உள்ளே போனார்கள். அவனை யாரும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுவிட்டு, நெல்லை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு பைக்கை நோக்கி நடந்தான்.