அடைகாத்த பேருந்து

கலைவாணி மறுபடியும் கூடைக்குள் கையை விட்டாள். சாம்பல் நிறக் கோழி மறுபடியும் ஒரு போடு போட்டது. புறங்கையில் ரத்தம் துளிர்த்தது. ரத்தக் குழாய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவளுக்கு ரத்தத்தைக் கண்டு பயமில்லை, கோழியைக் கண்டுதான் பயம். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அண்ணி செவ்வந்தி முறத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடையில கீற கோழிகிட்ட முட்டைய எடுக்கறது இன்னா, கடையில காசு குட்த்து வாங்கறதா? அது உடுமா?"

"சிரிக்காதீங்க அண்ணி. மத்தியான பஸ்ஸ உட்டா எல்லாமே போச்சு."

எல்லாமே என்று அவள் சொன்னது மிகையில்லை. வேலூரில் அவள் படிக்கும் கல்லூரி ஆய்வகத்தில் முட்டைகளை இளஞ்சூட்டில் வைத்திருக்கும் இன்குபேட்டர் முந்தாநாள் ராத்திரி புகைந்து நின்றுபோனது. ஒரு வாரமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த முட்டைகள் மறுநாள் காலையில் கூழாங்கற்களைப் போல் சில்லிட்டுக் கிடந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த முட்டைகளை நம்பி அவள் ஒரு குப்பிப் பொடியைக் கரைத்து வைத்திருந்தாள்.

குப்பி என்றால் சுண்டுவிரல் அளவுதான். அதன் அடியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடி, ரத்தக் குழாய்களை வளரச் சொல்லித் தூண்டும் புரதம். மனித உடம்பில் இருப்பதுதான். அதற்கான மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து, அந்த பாக்டீரியாவையே வேலை வாங்கி, ஆராய்ச்சிக்கென்று தயாரித்து அனுப்புகிறார்கள். மாதக்கணக்கில் காத்திருந்து வந்த பொருள். கரைத்துவிட்டால் குளிர்பெட்டியில் வைத்தாலும் ஒரு வாரம் தாங்கினால் பெரிய விஷயம். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத புண்ணுக்காகக் கலைவாணி ஒரு மெல்லிய படலம் செய்திருந்தாள். அதில் புரதத்தை ஏற்றி, ஒரு வாரம் அடையில் இருந்த முட்டையின் ஓட்டில் சின்ன சன்னல் வெட்டி உள்ளே வைக்க வேண்டும். குஞ்சின் ரத்தக் குழாய்கள் படலத்தைத் தேடி வளர்ந்தால் அவள் ஜெயித்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றாயிற்று. "இதுவும் சரிவரலேன்னா வேற தலைப்பு பார்த்துக்கலாம்மா," என்று வழிகாட்டியான சிவசங்கரி மேடம் அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதுதான் வலித்தது.

புதிதாக முட்டை வாங்கி அடைவைத்தால் அது தயாராவதற்குள் புரதம் வீணாகிவிடும். அப்போதுதான் அண்ணியின் கோழி போன வாரம் அடையில் உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. அன்று விடிகாலை முதல் பஸ்ஸில் அண்ணி வீட்டுக்கு மலையேறிவிட்டாள். இன்குபேட்டரைச் சாயங்காலத்துக்குள் சரிசெய்துவிடுவதாக மெக்கானிக் சொல்லியிருந்தார்.

"அண்ணி, ஒண்ணு மறைக்காம சொல்லிடறேன். இதுங்க குஞ்சு பொரிக்காது. சோதனையோட முடிஞ்சிரும்."

செவ்வந்தி வந்து கூடைப் பக்கத்தில் குந்தினாள்.

"பருந்து வந்து கேட்டுட்டா தூக்கினு போவுது? நீ கேக்கறியே," என்றாள். "ஆனா அது எழுந்துக்காது. கூடையோட இட்டுனு போலாம். நானும் வர்றேன்."

இப்படியாகத்தான் வைக்கோல், இடிக்குக் காவலாகப் போட்ட கரித்துண்டு, இரும்பாணி, பதினொரு முட்டை, அவற்றின் மேல் ஜம்மென்று ஒரு கோழி எல்லாமாகச் சேர்ந்து ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறின. கண்டக்டர் ரஞ்சித் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தம்மா எங்க எறங்கணும்?" என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது.

பாதி மலை இறங்கும்வரை கோழி கண்ணை மூடி சவாரி செய்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் மூங்கில் லாரி எதிரே வந்து நின்று, காது கிழிய ஹாரன் அடித்தது. அவ்வளவுதான். கூடையிலிருந்து எழும்பிய கோழி முன்சீட்டுக்காரர் தலையில் ஒரு கால் வைத்து, சன்னல் வழியாக வெளியே பறந்து காட்டுக்குள் மறைந்தது.

"அய்யோ, என் கோழி!" செவ்வந்தி படியிலிருந்து குதித்தாள். "நீ போடி வாணி! நிக்காத! நான் அதப் புடிச்சினு வூட்டுக்குப் போய்க்கிறேன்!"

லாரி ஒதுங்கியது, பஸ் நகர்ந்தது. மலைக்காற்று சன்னல் சன்னலாகப் புகுந்தது. கோழி இரை பொறுக்கப் போய்த் திரும்புகிற நேரம்வரை முட்டை தாங்கும் என்று கலைவாணிக்குத் தெரியும். வேலூர்வரை தாங்குமா என்று தெரியாது. கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். இரண்டு கைக்குள் எத்தனை முட்டைதான் அடங்கும்? அழுகை வந்துவிட்டது.

பக்கத்து சீட்டில் புளி மூட்டையோடு உட்கார்ந்திருந்த குப்பம்மா என்ன ஏது என்று விசாரித்தார். கலைவாணி விக்கி விக்கிச் சொன்னதில் சர்க்கரைப் புண் மட்டும் அவருக்குப் புரிந்தது. அது போதுமாக இருந்தது. ஒரு முட்டையை எடுத்து ரவிக்கைக்குள் சுருக்குப்பை வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு எப்பவும் ஒடம்பு அனலாத்தான் கீது. இன்னொண்ணு குடு."

ரஞ்சித் பின்னால் திரும்பிக் குரல் கொடுத்தான். "எல்லாரும் சன்னல சாத்துங்க! கை சூடா கீறவங்க மட்டும் கைய நீட்டுங்க!" பஸ் முழுக்கக் கை நீண்டது. ஒருத்தி கைக்குழந்தையின் போர்வைக்குள் குழந்தையோடு சேர்த்து ஒன்றைச் சுற்றிக்கொண்டாள். இடத்துக்காக அதுவரை பக்கத்து ஆளிடம் கத்திக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டை பார்த்திபனின் உள்ளங்கைகளுக்கு நடுவிலும் ஒன்று வந்தது. சண்டையை அவர் விடவில்லை, ரகசியக் குரலில் தொடர்ந்தார். வளைவுகளில் பேய் ஓட்டு ஓட்டுகிற டிரைவர் சுரேஷ் அன்றைக்கு மாப்பிள்ளை ஊர்வலம் போல ஓட்டினார். கலைவாணி அழுதுகொண்டே சிரித்தாள்.

அமிர்தியில் இறங்கியவர்கள் ஏறியவர்களிடம் முட்டையை ஒப்படைத்தார்கள். "கெட்டியா புடிக்காத, ஒடஞ்சிரும். லேசா புடிச்சா ஆறிடும். நடுவாந்திரமா புடி." ஏறியவர்களும் எதற்கென்று கேட்காமல் வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் கேட்டார்கள். பார்த்திபனின் ஊர் வந்தது, போனது. ரஞ்சித் தட்டிச் சொன்னபோது, "கை மாத்தினா சூடு கொறையும்யா. நீ வண்டிய உடச் சொல்லு," என்று அதட்டினார். வேலூரில் மற்றவர்கள் முட்டைகளைக் கூடையின் வைக்கோலுக்குள் திருப்பி வைத்தார்கள்; அவர் மட்டும் ஆய்வகத்துக்குள்வரை கை குவித்தபடியே அவளோடு நடந்தார்.

மெக்கானிக் சொன்னபடி இன்குபேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இருட்டறையில் ஒவ்வொரு முட்டையாக விளக்கின் மேல் வைத்துப் பார்த்தாள். ஒன்று மட்டும் அசைவற்றுக் கிடந்தது. மற்றவற்றில் சிவப்பு நரம்புகளின் நடுவே குஞ்சு துள்ளியது. பார்த்திபன் தன் முட்டையைக் கடைசியாகத்தான் கொடுத்தார். அதிலும் துள்ளியது. அந்தப் பெரிய மனிதர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவசரமாகப் போன் பேசுகிறவர் போல வெளியே போய்விட்டார். கோழி சிக்கிவிட்டது என்று அன்று இரவே அண்ணி போனில் சொன்னாள். கோபத்தில் இரையே எடுக்கவில்லையாம்.

படலங்களை உள்ளே வைத்து, ஓட்டுச் சன்னல்களை நாடாவால் ஒட்டி மூன்று நாள் கழித்து, சிவசங்கரி மேடம் பக்கத்தில் நிற்க, கலைவாணி அவற்றைத் திறந்தாள். புரதம் ஏற்றாத வெறும் படலம் வைத்த முட்டை முதலில். குழாய்கள் படலத்தைச் சட்டைசெய்யாமல் தம் வழியே போயிருந்தன. அப்படித்தான் இருக்க வேண்டும். அடுத்தது புரதம் ஏற்றியது. நாடாவை உரித்தாள். அதே நேரம் போன் அடித்தது, அன்று இறங்கும்போது நம்பர் வாங்கிக்கொண்ட ரஞ்சித்.

"இன்னா ஆச்சு பாப்பா? பஸ்ல எல்லாரும் தொளைக்கிறாங்க. போன தடவ இல்லாதவங்களுங்கூட கேக்கறாங்க!"

கலைவாணி நுண்ணோக்கியின் லென்ஸுக்குள் பார்த்தாள். மேடம் அவள் தோளை இறுகப் பிடித்தார். அவள் வீடியோவுக்கு மாற்றி, போனைக் கண் வைக்கிற இடத்தில் பிடித்தாள். அந்தப் பக்கம் பஸ்ஸின் இரைச்சலுக்குள் யாரோ "சும்மா இருங்கய்யா, பாக்கலாம்" என்றார்கள்.

எல்லாப் பக்கத்திலிருந்தும் முடியைவிட மெல்லிய சிவப்புக் கோடுகள் வளைந்து திரும்பிப் படலத்தை நோக்கி வந்திருந்தன. சில விளிம்பைத் தாண்டி உள்ளேயே நுழைந்திருந்தன. அவற்றுக்குள் ரத்தம், நிற்காமல், துடித்துத் துடித்து ஓடிக்கொண்டிருந்தது.