மதலேனாவின் கையொப்பம்

போன வருடம் அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. திட்டம் நல்லதுதான், ஆனால் பயனாளிகளின் துயரம் மனதைத் தொடும்படி எழுதப்படவில்லை என்று கொழும்பிலிருந்த அறக்கட்டளை பதில் போட்டிருந்தது.

அஞ்சலாவுக்கு அந்த வரி மறக்கவேயில்லை. கண்டியில் இயங்கும் சிறிய இளைஞர் நிலையம் ஒன்றுக்கு அவள் இணைப்பாளர். தாதி உதவியாளர் பயிற்சிக்காகத் தோட்டங்களிலிருந்து வரும் பெண் பிள்ளைகள் தங்குவதற்கு ஒரு போடிங் வீடு வேண்டும் என்பதுதான் அவள் கோரிக்கை. இந்த முறை வாசிக்கிறவர்கள் கலங்கிப்போக வேண்டும் என்று முடிவு செய்து, மதலேனாவின் கதையை எழுதினாள். பயிற்சியில் முதலாவதாக இருந்துவிட்டு மூன்றாம் மாதமே நின்றுபோன பிள்ளை அவள்.

கதைக்குச் சொந்தக்காரி கையொப்பமிட வேண்டும் என்பது விதி. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். புதன்கிழமை அஞ்சலா மதலேனாவின் தோட்டம் இருக்கும் ஹேவாஹெட்டைக்கு பஸ் ஏறினாள்.

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் இருந்த ஒரே கதிரையை மதலேனாவின் அப்பா கிறகரி அவளுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, தான் வாசற்படியில் உட்கார்ந்தார். மதலேனா பிளேன்டீ கொண்டுவந்தாள்.

"இங்கிலீஷ்ல இருக்கே மிஸ். தமிழ்ல சொல்லுங்களேன், அப்பாவும் கேக்கட்டும்."

அஞ்சலா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். நடுவில் ஒரு வரியில் அவள் நின்றாள். அந்த வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போனாள். மதலேனா குனிந்து தாளைப் பார்த்தாள். விடுபட்ட வரியின் மேல் விரலை வைத்து, உதடசையாமல் வாசித்தாள். 'குடிகாரத் தந்தையின் அடி தாங்காமல் படிப்பைக் கைவிட்டாள்.'

"என்னாம்மா எழுதியிருக்கு?" என்று கிறகரி கேட்டார்.

"பஸ் இல்லாததப் பத்தித்தான்ப்பா" என்று சொல்லிவிட்டு மதலேனா தாளை மடித்தாள். "வாங்க மிஸ், ரோடு வரைக்கும் வாறேன்."

தேயிலைக்கு நடுவே இறங்கும் பாதையில் வீடு மறையும் வரை அவள் முன்னால் நடந்தாள். பிறகு நின்றாள்.

"அம்மா செத்தப்ப அவரு குடிச்சாரு. ஒருநாள் அடிச்சாரு. அது உங்ககிட்ட அழுதுகிட்டு சொன்னது மிஸ். விண்ணப்பப் பாரத்துல எழுதுங்கன்னா சொன்னேன்?"

"போடிங் கெடைக்கணும்னுதான், மதலேனா..."

"நான் நின்னது அதனால இல்ல. கிளாஸ் முடியிறது அஞ்சு மணிக்கு. எங்க கடைசி பஸ் அதுக்கு முந்தியே போயிரும். தினமும் பாதியில எழும்பி ஓடினேன். வராத நேரத்தையெல்லாம் கூட்டிப் பாத்து பேர வெட்டிட்டாங்க. இத எழுதுனா யாருக்கும் கண்ணீர் வராதா?"

அஞ்சலாவுக்கு முகம் எரிந்தது. "மன்னிச்சிரு" என்றாள். பையிலிருந்து பேனாவையும் வெற்றுத் தாள் ஒன்றையும் எடுத்தாள்.

இருவரும் மதகில் உட்கார்ந்து, அந்தத் தாளில் புதிதாக எழுதினார்கள். மதலேனா சொல்லச் சொல்ல அஞ்சலா எழுதினாள். எந்த பஸ், எத்தனை மணிக்கு, எந்தப் பாடத்தின் நடுவில் எழும்பினாள், அதே காரணத்தால் நின்றுபோன மற்றப் பிள்ளைகள் யார் யார் என்று எல்லாமே வந்தன. அழகான வசனம் ஒன்றுகூட அதில் இல்லை. அடியில் மதலேனா கையொப்பமிட்டாள்.

ஒன்றரை மாதம் கழித்து அறக்கட்டளையிலிருந்து ஜஹானா என்ற அதிகாரி நேரில் வந்தார்.

"இந்த பஸ் விஷயம் உண்மையா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்காமல் அன்று மாலை தானே பஸ் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தார். ஐந்தே காலுக்கு அங்கிருந்து அஞ்சலாவை அழைத்தார். "பஸ் போயிட்டுதாம் மிஸ். இங்க ரெண்டு பிள்ளைகள் நிக்கிறாங்க. எப்படிப் போவாங்க?"

போடிங்கில் பன்னிரண்டு பேருக்கு இடம் கேட்டிருந்தார்கள். எட்டுப் பேருக்கு, ஒரு வருடத்துக்குக் கிடைத்தது. நிலையத்தில் எல்லோரும் சந்தோஷப்பட, விடுபட்ட நாலு பேரின் பெயர்களை அஞ்சலா அடுத்த விண்ணப்பத்துக்கென்று தனியாக எழுதி வைத்தாள். மதலேனாவைப் பயிற்சியில் திரும்பவும் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகாஸ்தோட்டையில் போடிங் திறந்த அன்று கிறகரி மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மதலேனா மாடிக்குப் போனதும் அஞ்சலாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நல்லா எழுதியிருந்தீங்களாம் மிஸ்."

அஞ்சலாவால் அந்தக் கும்பிடை வாங்கிக்கொள்ள முடியவில்லை. முதலில் என்ன எழுதினாள், மகள் அதை எப்படி மாற்றினாள் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கிறகரி நிலத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"பிள்ள அன்னைக்கு வீட்டுலயே அத வாசிச்சிருச்சா?"

"ஓமங்க."

"எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியே."

தோளில் கிடந்த துண்டால் அவர் முகத்தைத் துடைத்தார். மேலே கட்டில் இழுக்கும் சத்தம் கேட்டது.

"தனியா இழுக்குது போல, மிஸ். நான் போய் ஒரு கை குடுக்கலாமா? ஆம்பளைங்க மேல போகலாமா?"

"இன்னைக்கு மட்டும் பரவாயில்ல. போங்க."

அவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படியேறினார்.