ஒரே பிலிமில் இரண்டு மாமன்மார்

எனக்குப் பொறுமை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு டிலக்சனா எதற்கெடுத்தாலும் கத்துகிறாள் என்று யாரும் குறை சொல்லக் கூடாது. என் மாமன்மார் இருவரையும் வைத்துக்கொண்டு நெடுந்தீவில் யாராலும் கத்தாமல் இருக்க முடியாது.

அம்மாவின் தம்பிமார் அவர்கள். மூத்தவர் சில்வெஸ்ரர், இளையவர் இன்னாசித்தம்பி. இருவரின் காணிக்கும் நடுவிலிருந்த கல்வேலி போன மாரியில் சரிந்தது. திருப்பி அடுக்கியபோது, என் பக்கம் ஒரு முழம் தள்ளிவிட்டாய் என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லித் தொடங்கியது சண்டை. இப்போது கோயிலில்கூட ஒருவர் முன்கதவால் வந்தால் மற்றவர் பக்கக் கதவால் போகிறார்.

அம்மாவோ அடுத்த கிழமை என் அண்ணாவிடம் கனடாவுக்குப் போகிறார். திரும்பி வருவாரோ தெரியாது. அவர் கேட்டது ஒன்றுதான்: இரண்டு தம்பிமாரோடும் ஒரு படம்.

"போனில ஒட்டித் தாறன் அம்மா," என்றேன்.

"வெட்டி ஒட்டின படத்தைப் பாத்து நான் என்னையே ஏமாத்திறதோ? வேண்டாம் பிள்ளை."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. எனக்கு மாமன்மார் மேல் பற்றிக்கொண்டு வந்தது.

என்னிடம் ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் பிலிம் கமரா இருக்கிறது. அதன் சின்ன யன்னலுக்குள் ஆள் இரண்டாகத் தெரிவார். வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால்தான் படம் தெளிவாக வரும். அந்த வளையம் என் மாமன்மாரில் இல்லையே என்பதுதான் என் கவலை. ஆனால் இன்னொரு வித்தை உண்டு. அடியிலிருக்கும் பொத்தானை அழுத்தி, பிலிம் சுற்றும் குமிழை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை இழுத்தால், பிலிம் நகராது, அடுத்த படத்துக்குக் கமரா தயாராகிவிடும். அப்படி ஒரே இடத்தில் இரண்டு தரம் எடுக்கலாம். முதலில் சில்வெஸ்ரர் மாமா தனியாக இடப்பக்கம். அவர் போனபின் அம்மாவும் இன்னாசித்தம்பி மாமாவும் வலப்பக்கம். ஒட்டு வேலையில்லை, ஒரே பிலிம். அம்மா அரைமனதோடு ஓம் என்றார். சுருளில் ஒரு படம்தான் மிச்சம், புதுச் சுருள் கொழும்பிலிருந்து வருமுன் அம்மா போய்விடுவார்.

பின்னால் இருட்டாக இருந்தால்தான் இரண்டு தரம் எடுத்தாலும் ஆட்கள் வெளிறாமல் விழுவார்கள் என்பதால், எங்கள் மாட்டுக்கொட்டிலின் இருட்டு வாசலுக்கு முன் கமராவை நிறுத்தி, நடு எதுவென்று தெரிய நிலத்தில் ஒரு கல்லை வைத்தேன். வேலிக் கல்லுக்காக அடிபடுகிற இரண்டு பேருக்கு நடுவில் கல்லை வைத்தேனே, என் மடத்தனத்தை என்ன சொல்ல!

சில்வெஸ்ரர் மாமா வந்தார், விறைத்துக்கொண்டு நின்றார், எடுத்தேன், போனார். பொத்தானை அழுத்திக் கைப்பிடியை இழுத்து வைத்தேன். பிறகு வந்த இன்னாசித்தம்பி மாமா அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று கல்லையே பார்த்தார்.

"உந்தாள் எவ்வளவு இடம் பிடிச்சது?"

"கல்லுக்கு அங்காலதான் நிண்டவர் மாமா."

"நீ சொல்லுறாய், நான் நம்புறதோ?" என்று கல்லைக் காலால் தள்ளினார்.

"டேய்! கல்லைத் தள்ளி அரக்கிறாய்!"

சில்வெஸ்ரர் மாமா வீட்டுக்குப் போகவேயில்லை, கொட்டிலுக்குப் பின்னால் ஒளித்து நின்றிருக்கிறார். பாய்ந்து வந்தார். "கண்டியே பிள்ளை? வேலியிலயும் இதைத்தான் செய்தவன்!"

"ஆர் செய்தது? நானோ? நீரோ?"

அம்மா இருவரின் சட்டையையும் ஒவ்வொரு கையால் பிடித்தார். "நான் போற நேரத்திலயாவது வாயை மூடுங்கோவன்ரா!"

மூடினார்கள். "இஞ்சை பாருங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் மூவரும் திரும்பினார்கள். அழுத்தினேன். சுருள் முடிந்தது.

மறுநாள் நானே பிலிமைக் கழுவிக் காயவிட்டு, போனில் பிடித்து நேர்ப்படமாக்கினேன். கல்லைத் தாண்டியது யாரென்று பார்க்க இருவருமே வந்துவிட்டார்கள். நடுவில் அம்மா, அவர் பிடியில் இரண்டு தம்பிமாரும். இடப்பக்க ஓரத்தில் இன்னொரு சில்வெஸ்ரர் மாமா, தனியாக, விறைத்தபடி. அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதென்ன அநியாயம்! படத்திலயும் அண்ணைக்குத்தான் ரெண்டு பங்கு!" என்று இன்னாசித்தம்பி மாமா துள்ளினார்.

சில்வெஸ்ரர் மாமா போனை வாங்கிக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். தம்பி பக்கம் திரும்பினார்.

"என்னில ஒண்டை அக்கா கனடாவுக்குக் கொண்டு போகட்டும்," என்றார். "மற்றதை நீ வைச்சிரடா."