கம்பளக் கம்பியும் இபோயாவின் முழங்காலும்

எங்கள் கட்டடத்து முற்றத்தில் கம்பளத்தைத் தொங்கப் போட்டுத் தூசி போக அடிக்கும் இரும்புக் குறுக்குக் கம்பி ஒன்று, என் நெஞ்சளவு உயரத்தில் நிற்கிறது. புடாபெஸ்டின் பழைய கட்டடங்களில் இது சகஜம். தூசி உறிஞ்சும் இயந்திரம் வந்தபின் அதை யாரும் சீந்துவதில்லை. ஆனாலும் ஞாயிறு விடிகிற நேரத்தில் 'தொம்' என்று கேட்கும். ஞாயிற்றுக்கிழமை கம்பளம் அடிக்கக் கூடாது என்பது கட்டட விதி. மீறுவது யாரென்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் ஜன்னலோ தெருப்பக்கம். முதல் மாடி கொர்னேலியாவைச் சந்தேகப்பட்டேன்; எல்லாரிடமும் சொல்லியும் வைத்தேன்.

சென்ற வாரம் முற்றத்தில் குடியிருப்போர் கூட்டம். நிர்வாகி லோராந்த் ஆரம்பித்தார்.

"கம்பியை அறுத்துட்டா ரெண்டு கார் நிறுத்தலாம். யாரும் உபயோகிக்கிறதில்லையே."

"ஞாயித்துக்கிழமை உபயோகிக்கிறாங்க சார்," என்றேன். "கொர்னேலியா மூஞ்சியைப் பாருங்க, தெரியும்."

"எங்க வீட்டுல கம்பளமே கிடையாது, கிஸெல்லா. நீதான் எல்லா ரூமையும் எட்டிப் பாத்துட்டுப் போனியே."

அப்போதுதான் இரண்டாம் மாடி இபோயா கைத்தடியை ஊன்றி எழுந்தாள். ஒரு காலத்தில் இந்த நாட்டிலேயே அதிக உயரம் தாண்டியவள். முழங்கால் கெட்டு இளம் வயதிலேயே ஓய்வு பெற்று, பிறகு வெந்நீர்க் குளியலகத்தில் டிக்கெட் கிழித்தவள். இப்போது அறுபது கடந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் அவளுடைய உருளைக்கிழங்குப் பையை மாடிக்குத் தூக்கிப்போவது நான்தான்.

"நான்தான் அது. அடிக்கிறது இல்ல, தாண்டுறது. மெத்தையில விழுற சத்தம்தான் உங்களுக்குக் கேக்குது."

கூட்டம் சிரித்தது.

"மாடிப்படி ஏறவே ஆள் தேடுறீங்க, அம்மா," என்றார் லோராந்த்.

"கம்பி போனா எனக்கு வேற இடமில்ல. மைதானத்துக்குப் போனா, பாத்ததும் நாற்காலி போடுறாங்க."

"சரி, தாண்டிக் காட்டுங்க. காரை நான் தெருவிலேயே விட்டுக்கிறேன்."

இபோயா கைத்தடியை என்னிடம் நீட்டினாள். வீட்டு அங்கியைக் கழற்றினாள், உள்ளே கால்சட்டை. படிக்கட்டுக்கடியில் யாரோ போட்டுவைத்த குப்பை என்று நான் திட்டிக்கொண்டிருந்த மெத்தைகளை இழுத்து, கம்பிக்கு அந்தப்பக்கம் அடுக்கினாள். குப்பைத்தொட்டி ஓரத்திலிருந்து வளைந்து ஓடி வந்தாள். கம்பிக்கு முதுகைக் காட்டி எழும்பினாள். தலை போனது, முதுகு போனது, கடைசியில் குதிகால்கள்.

தொம்.

அதே சத்தம். கூட்டத்துக்குக் கொர்னேலியா கொண்டுவந்த தட்டிலிருந்த உப்பு ரொட்டிகள் தரையில் உருண்டன, ஒருவரும் குனியவில்லை. லோராந்தின் வாய் திறந்தே இருந்தது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றவள் நான்தான்.

"அப்ப என்னை ஏன்டி உருளைக்கிழங்கு தூக்க வச்சே?"

"படி ஏறினா இந்தக் கால் வலிக்கும். தாண்டுறது அந்தக் கால்." மெத்தையில் படுத்தபடியே சொன்னாள். "இப்பவும் தாண்டுறியான்னு ஒரு நாள் கேட்டிருப்பியா? அந்தக் காலத்துப் பயிற்சியாளரோட எனக்கு என்ன தொடர்புன்னுதானே படிக்குப் படி கேட்டே?"

கம்பி நிற்கிறது. லோராந்தின் கார் தெருவில் மழையில் நனைகிறது. ஞாயிறு விடிந்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பி நன்றாகத் தெரிவது கொர்னேலியா வீட்டு ஜன்னலிலிருந்துதான். போய்த் தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்; அவள் இன்னும் எனக்குக் கதவைத் திறக்கவில்லை.