பஸ்ஸில் கரைந்த புரதம்

இந்தக் காலத்தில் எவனும் ஆளைப் பார்த்துப் பேசுவதில்லை, காகிதத்தைப் பார்த்துத்தான் பேசுகிறான் என்பது சின்னையாவின் எரிச்சல். எண்பத்தாறாம் வருஷம் கால்வாயில் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, ஐந்து மாதமாகியும் வலி விடவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெளிவாகத் தெரியாமல், சிலிபின் ஊர்க் கிளினிக் டாக்டர் ரத்தம் எடுத்து ஈப்போ நகர ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து வந்த தாளைப் பார்த்ததும், "எலும்பு வளரல. காலைத் திறந்து தகடு வைக்கணும்" என்றார்.

அப்படித் தகடு வைத்த பக்கத்து வீட்டு உடையப்பன் இன்றைக்கும் நாற்காலியில்தான் கிடக்கிறான். சின்னையா கட்டையை ஊன்றிக்கொண்டு நேரே ஆய்வுக்கூடத்துக்கே போய்விட்டார்.

"கால்ல இருக்கிற எலும்ப, கையில குத்தினா எப்படிப் புள்ள தெரியும்?"

அங்கே சோதனை செய்யும் நஸீரா பொறுமையாகச் சொன்னாள். "எலும்பு கட்டுறப்ப ஒரு புரதம் உண்டாகும் ஐயா. அதுல கொஞ்சம் ரத்தத்துல கலக்கும். கதிரியக்க மருந்து சேர்த்து, அது எவ்ளோ இருக்குன்னு மிஷின்ல கணக்கு எடுப்போம்." பதிவேட்டைப் புரட்டினாள். "ரத்தத்துக்கு மேல தெளியிற தண்ணி மஞ்சளா இருக்கணும். ஒங்களுது செவப்பா இருந்துச்சுன்னு எழுதியிருக்கேன். யாரு கொண்டாந்தது?"

"நாந்தான்லா. கண்டவன்கிட்ட குடுத்தா மாத்திப்புடுவான்."

"கிளினிக்ல குடுத்த ஐஸ் பிளாஸ்க்லதானே வச்சிருந்தீங்க?"

சின்னையா நாற்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். வாளியில் பால் கட்டிப்போனால் கங்காணி அம்மாவை இழுத்து ஏசுவான். குளிரில் ரத்தமும் அப்படிக் கட்டிவிடுமென்று, குழாயை எடுத்து மடியில் செருகி, பஸ்ஸில் வழிநெடுக அதைக் குலுக்கிக்கொண்டே வந்திருந்தார். ஆய்வுக்கூட வாசலில்தான் திரும்ப ஐஸில் போட்டார். அதை ஒளிக்காமல் சொன்னார்.

நஸீரா தலையில் கைவைத்தாள். "அல்லா! ரத்தம் என்ன ரப்பர் பாலா ஐயா? குலுக்கினா செவப்பு அணு ஒடஞ்சிடும். சூட்டுல அந்தப் புரதமும் அழிஞ்சிடும். செவப்பா இருந்தத பார்த்ததுமே நான் திருப்பி அனுப்பியிருக்கணும். கைய நீட்டுங்க, இப்பவே வேற எடுக்கிறேன்."

குழாயில் தன் பெயரை எழுதி அது ஐஸுக்குள் போகும்வரை சின்னையா கண்கொட்டாமல் பார்த்தார்.

அடுத்த வாரம் சின்னையா மறுபடி போனபோது, புரதத்தின் அளவு முன்னதைவிட மூன்று மடங்கு. நஸீரா அவர் முன்னாலேயே டாக்டருக்குப் போன் போட்டாள். எலும்பு கூடுகிறது, கத்தி வேண்டாம், இரண்டு மாதம் பொறுக்கலாம் என்றார் டாக்டர்.

"இப்ப நிம்மதிதானே ஐயா?"

"அன்னிக்கு இல்லன்ன, இன்னிக்கு இருக்குங்கிற. நாளைக்கு என்னா சொல்லுவியோ."

"அன்னிக்கும் இருந்துச்சு. நீங்கதான் பஸ்லயே கொன்னுட்டீங்க."

"ஆமா, எம்மேல போடு பழிய! கத்தி வேணாம்னது மட்டும் சரி. எலும்ப யாரும் பார்க்கவே இல்ல, அத மறந்துறாதே."

அவள் நீட்டிய தாளை வாங்காமல், கட்டையைத் தட்டித் தட்டிப் படியிறங்கிப் போனார்.