மூன்றாவது புஷ்

இதுவும் போச்சா... மைக்ரோமீட்டரை இன்னொரு தரம் திருகிப் பார்த்தாள், அதே அளவுதான், பார்த்துக்கொண்டே இருந்தால் வளர்ந்துவிடுமா என்ன, ஒரு மயிரிழை குறைச்சல், அந்த மயிரிழை போதும், புஷ், தண்டைத் தாங்குகிற அந்தச் சின்ன நைலான் வளையம், தன் பொந்துக்குள் ஆடும், அதற்குள் சுற்றுகிற தண்டும் சேர்ந்து ஆடும், தையல் மெஷின் பாதித் துணியில் தையலை விட்டுவிட்டு ஓடும், அப்புறம் நாத்தனார் எந்த முகத்தோடு புதிதாகச் சேரப்போகிற தையற்கடையில் போய் உட்காருவாள்? காலையில் கடைந்த முதல் புஷ்ஷும் இப்படித்தான் போனது. ஒன்று கெட்டால் கை தவறியது எனலாம், இரண்டு கெட்டால்? அதுவும் வெளியில் சொன்னால் வெட்கக்கேடு... சூட்டோடு அளந்திருக்கிறாள். கடைந்த சூட்டில் நைலான் உப்பி நிற்கும், அப்போது அளந்து சரி என்று நிறுத்தினால் ஆறினதும் சுருங்கிப் பல்லை இளிக்கும். அவள் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருத்தரிடமும் அவள் சொல்கிற முதல் பேச்சே இதுதானே, இதை இரும்பு மாதிரி நினைக்காதே, ஆறுகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நில். 'ஆறட்டும் அக்கா' என்று முதுகுக்குப் பின்னால் பட்டப்பெயரே உண்டு. அந்த ஆறட்டும் அக்கா ஒரே நாளில் இரண்டு முறை கோட்டை விட்டாள் என்று தெரிந்தால் கேன்டீனில் ஒரு வாரத்துக்குப் பேச்சு ஓடும்.

நைலான் தடியில் இன்னும் ஒரு புஷ்ஷுக்குத்தான் மிச்சம் இருந்தது. லேத்தின் சக்கில், கவ்விப் பிடித்துச் சுற்றும் வாயில், அதைக் கொடுத்து மிதமாக முடுக்கினாள், அழுத்தினால் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். வீட்டில் கார் நிற்க வேண்டிய கொட்டகையில் இந்த லேத் வந்து நின்ற நாளிலிருந்து வாத்தியார், அவள் கணவர்தான், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், கார் என்ற பேச்சையே எடுப்பதில்லை, பாவம். சுவிட்சைத் தட்டினாள். டூல் தொட்டதும் வெள்ளை நாடா சுருள் சுருளாகக் கிளம்பியது, உடைந்து விழவும் செய்யாது, விட்டால் சக்கையே சுற்றிக்கொள்ளும், நிறுத்தி நிறுத்தி எடுத்துப் போட வேண்டும். "என்ன அண்ணி, முடிவே இல்லாம வருது, என் பேச்சு மாதிரி?" என்று நாத்தனார் ஒருநாள் கேட்டாளே, அன்றைக்கு அடக்க முடியாமல் சிரித்தது... "நாலு நாள் இருந்துட்டுப் போறேன் அண்ணி" என்று ஒரு பெட்டியும் இந்தத் தையல் மெஷினுமாக வந்து இறங்கியவள், புருஷனோடு இனி ஒத்துவராது என்று உதறிவிட்டு வந்தவள், மழையெல்லாம் முடிந்து வெயிலும் ஏறிவிட்டது, அந்த நாலு நாள் மட்டும் முடியவில்லை. சர்க்கரை டப்பா இருந்த இடத்தில் சோப்புத் தூள், தரையெல்லாம் குண்டூசி, குளியலறையில் கச்சேரி, அண்ணனும் தங்கையும் பேச உட்கார்ந்தால் வீடு சந்தைக்கடை. பகலெல்லாம் மெஷின் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் வேண்டியது என்ன, கொஞ்சம் அமைதி, அதுகூடக் கிடையாதா? எப்போது கிளம்புவாள், எப்போது கிளம்புவாள் என்று மனசுக்குள் அரித்துக்கொண்டேதான் இருந்தது, பொய் சொல்வானேன்.

கிளம்புகிற வழியும் தேடாமலே வந்தது. கடைத்தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அம்மாள், "சொந்த மெஷினோட வந்தீங்கன்னா திங்கக்கிழமையே சேர்ந்துக்கலாம், மாடியில ரூம் சும்மாதான் கிடக்கு, தங்கிக்கங்க" என்றாள். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் மெஷின் கடகடவென்று கத்திவிட்டு நின்றது, திறந்து பார்த்தால் உள்ளே நைலான் புஷ் இரண்டாகப் பிளந்திருக்கிறது. "இந்த மாடலுக்கெல்லாம் இப்ப பார்ட் வர்றதில்லம்மா" என்று ரிப்பேர்க் கடைக்காரர் கையை விரித்தார். நாத்தனாரின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்துவிட்டு "அதுக்கென்ன, நான் கடைஞ்சு தர்றேன்" என்று இவள்தான் முந்திக்கொண்டு வாயைக் கொடுத்தாள். அப்போது மனசில் இருந்தது இரக்கமா, தொலைந்தால் போதும் என்ற அவசரமா... டூலை இன்னும் ஒரு சுற்று உள்ளே கொடுத்தாள். கொட்டகை வாசலில் முக்காலி காலியாக இருந்தது. லீவு நாள்களில் அதில் உட்கார்ந்துதான் நாத்தனார் பழைய தையலைப் பிரிப்பாள், பிரித்துக்கொண்டே கேள்வி கேட்பாள், ஏன் வெள்ளையா வருது, ஏன் எண்ணெய் விடல, ஆறிடுச்சுன்னு எப்படித் தெரியும்? உள்ளங்கையில் வைத்து மூடிப் பார், சூடே தெரியவில்லை என்றால் அளக்கலாம் என்று இவள் காட்டிக்கொடுத்தாள். வாத்தியாரும் கேட்பார், என்ன கடையுறே என்று, பதில் வருவதற்குள் செய்தித்தாளைப் பிரித்துவிடுவார். தனக்கு இவ்வளவு பேச வரும் என்பதே இந்த முக்காலி வந்த பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குள் நாத்தனாரின் பெட்டி இழுபடும் சத்தம்... காலையிலிருந்து அந்தச் சத்தத்துக்குத்தான் காதைக் கொடுத்திருக்கிறாள், கை ஒரு பக்கம், காது ஒரு பக்கம். அதனால்தான் இரண்டும் கெட்டதா? சீக்கிரம் முடித்து அனுப்பிவிடும் பரபரப்பா, இல்லை, கெட்டுத் தொலையட்டும் என்று இந்தக் கை... சீ, கைக்குத் தனியாகப் புத்தி உண்டா என்ன.

இந்த முறை அவசரப்படவில்லை. கடைசி வெட்டுக்குக் கொஞ்சம் சதை விட்டு நிறுத்தி, ஆற விட்டு, அளந்து, மெல்லச் சீவி, அறுத்தெடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜன்னல் வெயில் மேசையை விட்டு இறங்கிச் சுவருக்குப் போயிற்று. மைக்ரோமீட்டரைத் திருகினாள், சரி. திருப்பி வைத்துத் திருகினாள், சரி. கழற்றி வைத்திருந்த மெஷினின் பொந்தில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள், முனகாமல் ஏறி உட்கார்ந்தது, ஆடவில்லை. எத்தனையோ கடைந்திருக்கிறாள், இவ்வளவு சுத்தமாக ஒன்று வந்து நாளாயிற்று, சந்தோஷமல்லவா வர வேண்டும், அழுகையல்லவா வருகிறது... புஷ்ஷை வெளியே எடுத்துத் திரும்பவும் மேசைமேலேயே வைத்தாள், எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே விளங்கவில்லை.

"அண்ணி, ஆயிடுச்சா?" நாத்தனார் மடித்த போர்வையோடு வாசலில் நின்றாள். ஆயிடுச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "இன்னும் சூடு ஆறல" என்று வந்தது. நாத்தனார் போர்வையை வைத்துவிட்டு உள்ளே வந்தாள், புஷ்ஷை எடுத்து, காட்டிக்கொடுத்தபடியே, உள்ளங்கையில் வைத்து மூடினாள். போச்சு, குழாய்த் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்து கிடக்கிறது, இப்போது சிரிக்கப்போகிறாள், என்ன அண்ணி காதுல பூ சுத்துறீங்க என்று... சிரிக்கவில்லை.

"ஆமா அண்ணி, லேசா சூடு இருக்கு" என்றாள். காலால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆறட்டும், என்ன அவசரம் இப்ப."

அவளுடைய கை மூடியபடியே இருந்தது. மூடின கைக்குள் அது இப்போது நிஜமாகவே சூடாகிக்கொண்டிருக்கும், கையைத் திறந்தால் ஆறிவிடும், திங்கட்கிழமை எங்கேயும் போய்விடவில்லை... இரு என்று இவள் சொல்வதா, இருக்கட்டுமா என்று அவள் கேட்பதா, இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.